லாபம், ரெண்டு, மூனு

எம்பொண்ணு அடிச்சதுங்ணா. ஆமாங், நெசமாத்தான் சொல்றேன். இந்தக் கையை ஒடச்சது ஒம்போது வயசுப் பொம்பளப்புள்ள. டாக்டரு கேட்டப்ப தேங்கா விழுந்துருச்சுன்னு சொல்லிப்போட்டேன். ஆனமலைப் பக்கம் தேங்கா ஏவாரம் பண்றவன் அப்புடிச் சொன்னா எவனும் மறுக்கா கேக்க மாட்டான். நீங்கதான் கேட்டீங்க, அதெப்புடி தலையில விழாம, தோள்ல விழாம, கையில மட்டும் விழும்னு. கேட்டுப்போட்டீங்க, சொல்லிப்போட்றேன். நீங்களும் கால்ல மாவுக்கட்டோட உக்காந்திருக்கறீங்க, எந்திரிச்சு ஓடவும் முடியாது.

அடி வாங்குனவன் நான். ஊட்ட விட்டுப் போனது எம்பொண்டாட்டி. இது எந்த ஊரு நாயம்னு நீங்களே சொல்லுங். ஆறு வாரமாச்சுங். ஒடுமலையில அவுங்கண்ணன் ஊட்டுல உக்காந்திருக்கறா, புள்ளையும் அங்கதான் இருக்குது. சுகுணா வரலீன்னா கூட நான் பொறுத்துக்குவேன். மிதுலா வேணுங். எம்புள்ள எனக்கு வேணும். அத மொதல்லயே சொல்லிப்போட்றேன், அப்பறம் இவன் எதுக்கு இத்தன பேசறான்னு நெனைக்காதீங்க.

எம்பேரு திருமூர்த்தி. எங்க கொப்பரைக் களத்துல கேட்டீங்கன்னா சொல்லுவாங்க, அவுரு கோவக்காரருன்னு. இல்லைங்கலை. லோடு ஏத்தறவன் ஒருத்தன் மூட்டையத் தெறந்து கொப்பரைய அள்ளிச் சட்டைக்குள்ள போட்டான், அவன் காது இன்னைக்கும் ஒருபக்கம் கேக்காது. போன வருசம் ஒரு லாரி டிரைவரு எம்பொண்டாட்டியப் பத்தி ஒரு வார்த்தை சொன்னான், அவன் வண்டிக் கண்ணாடியில அவன் மூஞ்சியவே வெச்சு ஒடச்சேன். ஆனா ஒன்னு கேட்டுக்குங். நான் சும்மா அடிக்கறவன் இல்லீங். மூனு எண்ணுவேன். "அசையாம நில்லு"ம்பேன். நின்னதும் ஒன்னு, ரெண்டு, மூனுன்னு எண்ணுவேன். அதுக்குள்ள தப்ப ஒத்துக்கிட்டான்னா விட்டுப்போடுவேன். எங்கப்பன் எண்ணாமயே அடிப்பாரு. இப்புடி டைம் குடுத்து அடிக்கறவன இந்தச் சுத்துப்பட்டுல நீங்க பாத்திருக்க மாட்டீங்க.

மிதுலாவுக்கு ஆட்டிசமுங்ணா. மூனு வயசுலயே கோயமுத்தூருல டாக்டரு சொல்லிப்போட்டாரு. பேச்சு கம்மி. நாம பேசுனதையே திருப்பிப் பேசும், அதே ராகத்துல, அப்புடியே டேப்பு போட்டாப்புல. சொன்னதைச் சொன்னபடி எடுத்துக்கும். ஒரு நாளு கோயிலுக்குப் போனோம், வாசல்ல "செருப்பக் கழட்டிப் போடு"ன்னேன். கழட்டுச்சு. கழட்டி மறுக்கா கால்ல போட்டுக்கிச்சு. மறுக்கா சொன்னேன், "ஏ, கழட்டிப் போடு." கழட்டுச்சு, போட்டுச்சு. சனமெல்லாம் சிரிக்குது. அப்பனையே நையாண்டி பண்றயான்னு ஒன்னு விட்டேன் கன்னத்துல. சுகுணாதான் பொறவு சொன்னா, "ஏனுங்க, போடுன்னா அது கால்ல போடறதுன்னு நெனைக்குது, கழட்டி வைன்னு சொல்லுங்க"ன்னு. எனக்கு என்னங் தெரியும்? தமிழ்தானே பேசறேன்.

சரி, விசயத்துக்கு வர்றேன். ஆறு வயசு வரைக்கும் டயப்பருதாங். பொள்ளாச்சியில ஹேமான்னு ஒரு தெரபி டீச்சர், சின்னப் பொண்ணு, அதுதான் சுகுணாவுக்குச் சொல்லிக் குடுத்துது. கடிகாரம் பாத்து ஒன்றரை மணிக்கொருக்கா கூட்டிட்டுப் போகோணும். பாத்ரூமுல காத்தாடிச் சத்தத்துக்குப் புள்ள பயப்படுது, அத நிறுத்திப்போடோணும். வளவளன்னு பேசக்கூடாது, ஒரே வார்த்தைதான் சொல்லோணும். ஒன்னுக்குப் போறயா கண்ணு, வருதா, அவசரமான்னெல்லாம் கேக்கக் கூடாதாம். அதனால சுகுணா "ஒன்னு"ம்பா. அவ்வளவுதான். ஒன்னுன்னா போயிரும். போனதும் ரெண்டு பேருங் கைதட்டோணும், சபாசுன்னு. இது பொம்பளைக பண்ற கூத்துன்னு நெனச்சேன். ஆனா பலிச்சுதுங். வருசம் திரும்பறதுக்குள்ள டயப்பரே கெடையாது. போயிட்டு வந்து அதே தனியாக் கைதட்டிக்கும்.

ரெண்டு வருசம் நல்லா இருந்துது. இந்த ஜூன் மாசம் மழை புடிச்சுதுல்லீங்? களத்துல கொப்பரை காயல, நானும் வேலையில்லாம ஊட்டுலயே கெடந்தேன். அப்பப் புடிச்சுத்தான் மறுக்கா துணிய நனைக்க ஆரம்பிச்சுது. பட்டப்பகல்ல, நின்ன எடத்துல. எதனாலன்னே தெரியல.

மொத நாளு எனக்கு நல்லா ஞாபகமிருக்குது. கொட்டாங்குச்சியெல்லாம் கொண்டாந்து ஊட்டு முன்னால ஆசாரத்துல வரிசையா அடுக்கி வெச்சிருக்குது, ஒரு அம்பது இருக்கும். நான் கால்ல மிதிச்சு வழுக்கிப்போட்டேன். "அசையாம நில்லு! மூனு எண்றதுக்குள்ள இதெல்லாம் எடுத்திருக்கோணும்"னேன். நின்னுச்சு. "ஒன்னு"ன்னேன். என்ற மூஞ்சிய நேரா பாத்துச்சுங்ணா. யாரு மூஞ்சியும் பாக்காத புள்ள. பாத்துட்டே அங்கயே பேஞ்சுது. காலெல்லாம் ஓடுது, தரையெல்லாம் ஓடுது. பேஞ்சு முடிச்சதும் கைதட்டுச்சுங். படபடன்னு என்ற மூஞ்சிக்கு நேரா.

உங்க மூஞ்சிக்கு நேரா ஒருத்தி அப்புடிப் பண்ணுனா நீங்க என்ன பண்ணுவீங்க? எனக்குக் கண்ணு இருட்டிப்போச்சு. வெளிய போயி காஞ்ச தென்னமட்டை ஒன்னை எடுத்தாந்தேன். "கையை நீட்டு"ன்னேன், நீட்டுச்சு. போட்டேன். சுகுணா குறுக்க வந்தா, அவளுக்கும் முதுகுல விழுந்துது. துணியக் கையில குடுத்து "தொடைடி"ன்னேன், தொடச்சுது. அழுதுது. "அழுதீன்னா இன்னொரு அடி"ன்னேன்.

அன்னைலருந்து அந்த மட்டை கதவுக்குப் பின்னாலயே இருந்துது. தெனமும் நடக்குங். அது எதையாச்சும் பண்ணும், நான் நிக்கச் சொல்லுவேன், எண்ண ஆரம்பிப்பேன், ஒன்னுன்னு வாயத் தொறந்தா பேஞ்சு கைதட்டும். திமிருங். எங்கம்மாவுக்கும் இருந்துது இந்தத் திமிரு. ரெண்டு வாரத்துல அழுகறத நிறுத்திப்போடுச்சு. மட்டை விழறப்ப மூச்ச உள்ள இழுத்துக்கும், சத்தமே வராது. "பாத்தயா, அடி வேலை செய்யுது"ன்னு சுகுணாகிட்டச் சொன்னேன். அவ என்னையப் பாத்த பார்வையிருக்கே, அதுக்கும் சேத்து ஒன்னு வெச்சேன்.

அவ டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனா. மூத்திரத்தப் பரிசோதிச்சாங்க, கிருமி ஒன்னுமில்லைன்னாங்க. மலச்சிக்கல் இருந்தாலும் இப்புடி வருமாம், வயித்த அமுக்கிப் பாத்தாங்க, அதுவுமில்ல. திட்டாதீங்க, அடிக்காதீங்கன்னாரு. அந்த டாக்டருக்குக் கல்யாணமே ஆகலீங்ணா! ஹேமா டீச்சரு ஒரு நோட்டு போடச் சொல்லுச்சாம். எப்ப நனைக்குது, அதுக்கு மின்னாடி என்ன நடந்துது, யாரு என்ன பேசுனாங்க, எல்லாத்தையும் எழுதோணுமாம். சுகுணாவும் எழுதுனா. அடி வாங்கிட்டு வந்து ஒரு கையில மூக்கத் தொடச்சுக்கிட்டு இன்னொரு கையில எழுதுவா. எனக்குச் சிரிப்பா வரும். என்னடி, புருசன் மேல கேஸு எழுதறயாம்பேன்.

இதுல ஒரு அதிசயம் சொல்றேன் கேளுங். களத்துக்குக் கூட்டிட்டுப் போனா ஒரு சொட்டு இல்லீங். ஞாயித்துக்கெழமை கூட்டிட்டுப் போயி மரத்தடியில உக்கார வெப்பேன். ஆளுக தேங்கா எண்ணிப் போடறத நாள் பூரா பாத்துட்டே இருக்கும். காய் விழ விழ வாய்க்குள்ளயே எண்ணும். வந்தா தானா எந்திரிச்சு களத்து ரூமுக்குள்ள இருக்கற பாத்ரூமுக்குப் போயிட்டு வந்து உக்காந்துக்கும். "எங்கூட இருந்தா சுத்தமா இருக்குது, உங்கூட இருந்தாத்தான் கெட்டுப்போவுது"ன்னு சுகுணாவப் பேசுவேன். அவ அதையும் நோட்டுல எழுதுவா.

என்னடா அங்க பாக்கறே? நீதான், நீலச் சட்டை. பேசறவன் வாயவே பாத்துட்டு! இவனுகளுக்கு எல்லாங் காதுல விழோணும். நீங்க கேளுங்ணா.

அப்பறம் பள்ளிக்கூடத்துல ஆரம்பிச்சுது. சாதாரணப் பள்ளிக்கூடந்தாங், இந்த வருசந்தான் கெஞ்சிக் கூத்தாடிச் சேத்துவெச்சது. பொதங்கெழமை பொதங்கெழமை பி.டி. பீரியடுல, மைதானத்துல வரிசையில நிக்கறப்ப நனைச்சுப்போடுது. வேற எந்த நாளும் இல்ல, வேற எந்தப் பீரியடும் இல்ல. மத்த புள்ளைகெல்லாம் மூக்கப் புடிச்சுக்கிட்டுச் சிரிக்குதுக. எட்மாஸ்டரம்மா என்னையக் கூப்புட்டு, "உங்க பொண்ணை வேற எங்கயாச்சும் பாத்துக்குங்க சார், மத்த பெத்தவங்க சத்தம் போடறாங்க"ங்குது.

எனக்கு உடனே புரிஞ்சுபோச்சுங். பி.டி. மாஸ்டரு என்னமோ பண்றான். மெரட்டறான், இல்ல அடிக்கறான். ஒரு புள்ள ஒரு ஆளப் பாத்தா மட்டும் நனைக்குதுன்னா அதுக்கு என்னங் அர்த்தம்? பயம்! அந்த ஆளக் கண்டா அதுக்குக் குலை நடுங்குதுன்னு அர்த்தம். இது கூடவா ஒரு அப்பனுக்குத் தெரியாது?

அடுத்த பொதங்கெழமை கேட்டோரமா போயி நின்னேன். அருள்ராஜுன்னு பேரு அவனுக்கு, முப்பது வயசிருக்கும், ஒடம்ப நல்லா வெச்சிருந்தான். விசிலு ஊதுனான். "அட்டென்ஷன்! யாரும் அசையக் கூடாது!"ன்னான். எம்புள்ள கம்பியாட்ட நிக்குது. "ஒன்னு"ன்னு கையத் தூக்குனான். அவ்வளவுதான், எம்புள்ள பாவாடையில ஈரம் எறங்குது, நான் எங்கண்ணால பாக்கறேன். எல்லாப் புள்ளையும் கையத் தூக்குதுக, இது கைதட்டுது.

கேட்டு ஏறிக் குதிச்சேங்ணா. அவன் என்ன ஏதுன்னு திரும்பறதுக்குள்ள விசிலுக் கவுத்தப் புடிச்சு இழுத்தேன், கழுத்த வெட்டிக்கிட்டு வந்துது. "அசையாம நில்லுடா"ன்னேன். எதுக்கு சார், எதுக்கு சார்ங்கறான். "ஒன்னு"ன்னேன், மூக்குல ஒன்னு. ரத்தம் கொடமா ஊத்துது. "ரெண்டு"ன்னேன், வயித்துல. மடிஞ்சு விழுந்தான். மூனுக்கு மண்டையில ஒதைச்சேன், பல்லு ரெண்டு மண்ணுல கெடந்துது. அப்பறமும் நிறுத்தல. புள்ளைகெல்லாங் கத்திக்கிட்டு ஓடுதுக. எம்புள்ள ஒன்னு மட்டும் அந்த எடத்த விட்டு அசையல. நான் அடிக்க அடிக்க அங்கயே நின்னு என்ன பண்ணுச்சு தெரியுங்களா? கைதட்டுச்சுங்ணா. அப்பன் தனக்காக ஒருத்தன அடிக்கறான்னு அதுக்கும் தெரிஞ்சிருக்குதே! எனக்கு நெஞ்செல்லாம் நெறஞ்சு போச்சு. இன்னும் ரெண்டு ஒதை சேத்து ஒதைச்சேன்.

ஸ்டேசனுக்குப் போனேன், ஊரு பெரியவங்க வந்து பேசிக் கூட்டிட்டு வந்தாங்க. அவன் மேல ஒன்னும் தப்பில்லைன்னாங்க. ஒரு புள்ளையையும் தொட்டதில்லையாம். இருக்கட்டுமே. அந்தாளுக்கு நான் மன்னிப்பும் எழுதிக் குடுத்தேன். பள்ளிக்கூடத்துல மிதுலா பேர வெட்டிப்போட்டாங்க.

அதுக்கு மூனாம் நாளு. மத்தியானச் சோறு தின்னுட்டு உக்காந்திருக்கறேன். சுகுணா அந்த நோட்டக் கொண்டாந்து மின்னாடி வெச்சா. வெச்சுட்டு அங்கயே நின்னா. "ஏனுங்க, ஒரு அஞ்சு நிமிசம் கோவப்படாமக் கேளுங்க. இதுல நாப்பத்தி மூனு தாட்டி எழுதியிருக்கறேன். நாப்பத்தி மூனுலயும் அதுக்கு மின்னாடி ஒரே வார்த்தைதான் இருக்குது. ஒன்னு."

"என்னடி ஒன்னு?"

"நீங்க எண்றது. மாஸ்டரு எண்றது. அதுக்கு ஒன்னுன்னா ஒன்னுக்குப் போறதுங்க. நாந்தான் அப்புடிப் பழக்குனேன். நீங்க அசையாதங்கறீங்க, அது அசையறதில்ல. ஒன்னுங்கறீங்க, அது போவுது. ரெண்டையும் சரியாப் பண்ணிட்டோம்னு கைதட்டுதுங்க. டீச்சரும் இதையேதான் சொல்றாங்க. அது எதுத்து நிக்கல. நீங்க சொன்னபடி கேக்குது."

"கதை விடாத. களத்துல நாள் பூரா எண்றோமே, அங்க ஏன் போறதில்ல?"

அவ என்னையப் பாத்தா. "அங்க நீங்க யாராச்சும் ஒன்னுன்னு எண்றீங்களா?"

அடக் கருமமே. எண்றதில்லீங்ணா. தேங்கா எண்ணுனா, கொப்பரை அளந்தா, மொதல்ல லாபம்னுதான் சொல்லுவோம். லாபம், ரெண்டு, மூனு, நாலு. எங்கப்பன் காலத்துலருந்து அப்புடித்தான். களத்துல எவனும் அந்த வார்த்தையச் சொல்ல மாட்டான்.

நான் நம்பல. "மிதுலா, இங்க வா"ன்னேன். வந்துது. "அசையாம நில்லு"ன்னேன். நின்னுச்சு, கண்ணு கதவுப் பக்கம் போச்சு. "லாபம்"னேன். "ரெண்டு. மூனு"ன்னேன். ஒன்னும் ஆகல. அதும் பாட்டுக்கு "நாலு, அஞ்சு"ன்னு எண்ணிக்கிட்டு நிக்குது. மறுக்கா சொன்னேன், "லாபம்." ஒன்னுமில்ல. சொம்புத் தண்ணியக் கையில எடுத்துக்கிட்டேன், குடிக்கல. மெதுவாச் சொன்னேன். கோவமா இல்லீங், சாமி கும்புடறப்ப சொல்றாப்புல சொன்னேன். "ஒன்னு."

பேஞ்சுது. என்ற மூஞ்சியப் பாத்துக் கைதட்டுச்சு.

எனக்குத் தெரிஞ்சு போச்சுங்ணா. நாப்பத்தி மூனு தாட்டியும் எம்புள்ள எஞ்சொல்லுக் கேட்டிருக்குது. ஒருத்தரு பேச்சையும் கேக்காதுன்னு நான் நெனச்ச புள்ள, என்ற பேச்சக் கேட்டு, கேட்டதுக்கு அடி வாங்கி, மறுநாளும் கேட்டிருக்குது. இது தெரிஞ்சா ஒரு மனுசன் எப்புடிங் சும்மா இருப்பான்? அந்தக் கோவத்த எங்கயாச்சும் எறக்கோணும்ல? ஒன்னுங்கற வார்த்தைய அதுக்குச் சொல்லிக் குடுத்தவ எவ? அவதானே? ஒலகத்துல வேற வார்த்தையே கெடைக்கலையா அவளுக்கு? சொம்பத் தூக்கி எறிஞ்சேன், அவ நெத்தியில பட்டுக் கீழ விழுந்தா. முடியப் புடிச்சு செவுத்துல மோதுனேன். எத்தன தாட்டின்னு தெரியல. அன்னைக்குத்தாங் மொத மொதலா எண்ணாம அடிச்சேன்.

கை ஓஞ்சு போயி அப்புடியே தரையில உக்காந்தேன். சொம்புத் தண்ணி பூராவும் என்னையச் சுத்தித்தான் கெடக்குது, வேட்டியெல்லாம் நனைஞ்சு போச்சு. வலதுகையத் தண்ணிக்குள்ளயே ஊனிக்கிட்டு மூச்சு வாங்கறேன். மிதுலா வந்து நின்னு தண்ணியப் பாத்துது. என்ற வேட்டியப் பாத்துது. கதவுக்குப் பின்னால போச்சு.

மட்டையோட வந்துதுங்ணா. தடிச்ச பக்கத்த முன்னால வெச்சு, நான் புடிக்கறாப்புலயே ரெண்டு கையிலயும் புடிச்சுக்கிட்டு. "அசையாம நில்லு. எத்தன தாட்டிடி சொல்றது ஒனக்கு?"ன்னுது. என்ற கொரலுங். என்ற கொரல்லயே, நான் போடற 'டி'யோட. எந்திரிச்சிருக்கலாம். ஒரு தட்டு தட்டுனா மட்டை பறந்திருக்கும். ஆனா எந்திரிக்க முடியல. ஒன்னுன்னு எண்ணுச்சு. ரெண்டு. மூனு. ஊனியிருந்த கைமேல எறக்குச்சு பாருங், எலும்பு ஒடையற சத்தம் எனக்கே கேட்டுது. கோவமே இல்லீங் அது மூஞ்சியில. நனைச்சா அடி விழும்னு நாந்தானே சொல்லிக் குடுத்தேன், அதைப் பண்ணுச்சு, அவ்வளவுதான்.

மட்டைய ஓரமாச் சாத்திட்டுத் துணி எடுத்தாந்து என்ற இன்னொரு கையில வெச்சுது. "தொடைடி"ன்னுது. தொடச்சனுங். இடதுகையில, எல்லாத்தையும், மூலை வரைக்கும். கண்ணுலருந்து தண்ணி கொட்டுது, வலி தாங்கல. அது குனிஞ்சு என்ற மூஞ்சியப் பாத்து, "அழுதீன்னா இன்னொரு அடி"ன்னுது. மூச்ச உள்ள இழுத்துக்கிட்டேன். அப்புடி இழுத்தா சத்தம் வராதுங்ணா, நெசந்தான்.

சுகுணா நெத்தியில ரத்தத்தோட எந்திரிச்சு எங்க ரெண்டு பேரையும் பாத்தா. பொழுதெறங்கறதுக்குள்ள ரெண்டு பைய எடுத்துக்கிட்டுப் புள்ளையக் கூட்டிட்டுப் போயிட்டா. ஒடஞ்ச கையோட ஒரு மனுசன் துடிச்சுக்கிட்டுக் கெடக்கறான், ஆசுபத்திரிக்குப் போலாமான்னு ஒரு வார்த்தை கேக்கலீங் அவ.

போன வாரம் ஒடுமலைக்குப் போனேன். மச்சான் வாசல்லயே நின்னுக்கிட்டு உள்ள விடல, தாழ்வாரத்துல பெஞ்சப் போட்டான். இவனுக்கெல்லாம் மரியாதை குடுக்கோணும்னு எனக்கு விதி. மிதுலா வந்துது. அது கழுத்துல ஒரு அட்டை தொங்குது, பாத்ரூம் படம் போட்டது. இப்ப வார்த்தையே கெடையாதாம், அந்த அட்டையத் தூக்கிக் காட்டிட்டுப் போயிருமாம். அங்க போனதுலருந்து ரெண்டு தாட்டிதான் நனைச்சுதாம், அதுவும் வந்த புதுசுல.

வந்து என்ற கட்டப் பாத்துது. வெரல்ல டொக்கு டொக்குன்னு தட்டிப் பாத்துது. அப்பறம் என்ன பண்ணுச்சு தெரியுங்களா? எம்பக்கத்துல உக்காந்துது. இந்த வலதுகைப் பக்கமா, கட்டு மேல முதுகச் சாச்சுக்கிட்டு. ஒம்போது வருசத்துல அது தானா எம்பக்கத்துல வந்து உக்காந்ததே இல்லீங்ணா. கூழாங்கல்லு பொறுக்கியாந்து கட்டு மேலயே வரிசையா வெச்சுது. ஒருக்கா எந்திரிச்சு அட்டையக் காட்டிட்டு உள்ள போச்சு, போயிட்டு வந்து மறுக்கா அதே எடத்துல சாஞ்சுக்கிச்சு. ஒரு மணி நேரம். கை மரத்துப் போச்சு, நான் அசையவேயில்ல.

அப்பத்தான் சுகுணா வந்து கேட்டா, "கட்டு எப்பப் பிரிக்கறாங்க?"ன்னு. அடுத்த செவ்வாக்கெழமைன்னேன். பிரிச்சதும் புள்ளையக் கூட்டிட்டுப் போக வர்றேன்னேன். "பிரிச்சதுக்கப்பறம் வராதீங்க"ன்னா. எம்புள்ளையப் பாக்க வேண்டாம்னு எனக்கு எவடி சொல்றதுன்னு இடதுகை மேல போயிருச்சுங். நான் தூக்கல, அதுவா போச்சு.

மிதுலா எந்திரிச்சுது. கல்லெல்லாம் செதறுது. நேரா எனக்கு மின்னாடி வந்து நின்னுச்சு. நான் ஒரு வார்த்தை சொல்லலீங்ணா, நிக்கச் சொல்லல, எண்ணவுமில்ல. அதுவே அசையாம நின்னுக்கிட்டுக் கையை நீட்டுச்சு. கண்ண இறுக்கி மூடிக்கிச்சு. மூச்ச உள்ள இழுத்துக்கிச்சு.

கையக் கீழ போட்டுட்டு பஸ் ஏறி வந்துட்டேன். அன்னைலருந்து சோறு எறங்கல. சுகுணாதான் என்னமோ சொல்லிச் சொல்லி புள்ள மனசக் கலைக்கறா, அது எனக்குத் தெரியும். அவள நான் ஒரு நாளைக்குப் பாத்துக்கறேன். ஆனா ராத்திரி பகலா ஒரு பயம் புடிச்சு ஆட்டுதுங். நான் எதுக்கும் பயந்தவனில்ல. இந்தக் கட்டு இருக்கறதுனாலதான் அது எம்பக்கத்துல உக்காந்துதோ? இது போயிருச்சுன்னா?

கூப்புடறாங்க, கேட்டுது. என்ற பேருதாங், கட்டுப் பிரிக்கறதுக்கு. காலைலருந்து இது மூனாந்தாட்டி.

நீங்க போங்ணா. சிஸ்டர், இந்தண்ணன் மொதல்ல போகட்டும், கால் வலியில உக்காந்திருக்கறாரு. பின்னால உக்காந்திருக்கற அந்தம்மாவையும் கூப்புடுங். எனக்கு ஒன்னும் அவசரமில்லீங்.